பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்த காசு

தயிர்ச்சோற்றுக்கு மணம் இல்லை, ஸ்ரீதேவி. வங்கிச் சாப்பாட்டறையின் மூலையில் யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, டப்பாவைப் பாதி மூடியபடி நீங்கள் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். மீனை மாதக்கணக்கில் புளிக்க வைத்துத் தின்கிற நாட்டில் தயிருக்கு வெட்கப்படுவதா? நான் இதே அறையில் பதினான்கு வருடமாகக் கருவாட்டுக் குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடுகிறேன். ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. என் வேலைக்கு அவ்வளவு மரியாதை.

நேற்று நீங்கள் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால், 2006 ஒக்டோபரில், இலங்கைக்குப் போன ஒரு பணம். "மேடம், இதுல ஒரு சின்ன டவுட்" என்றீர்கள். பெரித் பக்கத்து மேசையில் இருந்ததால், பிறகு சொல்கிறேன் என்றேன். நேரில் சொன்னால் உங்கள் தமிழும் என் தமிழும் ஒன்றில் ஒன்று தடுக்கி விழும். நான் 'கதைக்கவேண்டும்' என்றால் நீங்கள் ஏதோ கதை சொல்லப்போகிறேன் என்று நினைப்பீர்கள். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாகப் படியுங்கள்.

நீங்கள் சென்னையிலிருந்து வந்து செய்து கொடுக்கிற புதிய நிரல், தை மாதத்திலிருந்து என் வேலையைத் தானே செய்யுமாம். நல்லது. என் வேலை என்னவென்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தானே. வெளிநாட்டு வங்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட் இருக்கிறது. எட்டு எழுத்து, அல்லது பதினொன்று. முதல் நாலு வங்கியைச் சொல்லும், அடுத்த இரண்டு நாட்டை, அதற்கடுத்த இரண்டு ஊரை, கடைசி மூன்று கிளையை. காசு அனுப்புகிறவர்கள் அதை எழுதாமல் விடுவார்கள், அல்லது எங்கேயோ கேட்டதை எழுதுவார்கள். அப்படிப்பட்டவை என் திரையில் வந்து நிற்கும். நான் சரியானதை அடித்துத் தள்ளிவிடுவேன். இலங்கைக்குப் போகிற பெரிய தொகைகள் மட்டும், கோட் சரியோ பிழையோ, ஒருமுறை என் கண்ணைத் தாண்டித்தான் போகும். பிறகு பெரித் இரண்டாவது ஆளாகப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பெரித் நல்ல மனுசி. இலங்கை என்றால் அவள் பார்ப்பதே இல்லை. "மரியா பார்த்தால் சரி" என்று பொத்தானை அமத்திவிடுவாள்.

ஒஸ்லோவில் இருக்கிற எங்கள் சனத்துக்கு என் பெயர் மரியரஞ்சனி என்பது மறந்தே போய்விட்டது. கோட் அக்கா என்றால்தான் தெரியும். கலியாண வீட்டில் நான் சோற்றில் கை வைத்திருக்கும்போது வந்து, "அக்கா, திருகோணமலைக் கிளைக்கு என்ன கோட்?" என்பார்கள். பூசை முடிந்து தேவாலயத்தால் வெளியே வர வாசலில் காத்து நிற்பார்கள். புருசெத் பகுதித் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கையில் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். நானும் முருங்கைக்காயைக் கீழே வைக்காமலே எழுத்தெழுத்தாகச் சொல்வேன். சுனாமி வந்த மாதம் ஒரு நாளைக்கு நூற்று நாற்பது வரை என் கையால் போனது. ஒரு குரோனர்கூட வழி தவறவில்லை. அந்த மாதம் எனக்குக் கோயிலிலும் தேவாலயத்திலும் சேர்த்து வேண்டிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பிறகு மறந்துவிட்டார்கள். கறிவேப்பிலைக்கு யார் நன்றி சொன்னார்கள்.

இனிப் பூரணிக்கு வருகிறேன்.

பூரணி புருசெத்தில் இருக்கிறாள். நான் ரொம்சோஸில். அவளும் நானும் திருகோணமலைதான், ஆனால் ஊரில் பழக்கமில்லை. இங்கே ஒரு நோர்வேஜிய மொழி வகுப்பில் சிநேகிதமானோம். என்னைவிட எட்டு வயது இளையவள். அவள் ஊருக்கு அனுப்புகிற காசெல்லாம் அவளுடைய மூத்த அண்ணன் ஞானசேகரத்துக்கு. அவர் பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். தாய் தகப்பன் செத்தபிறகு அவளை வளர்த்துப் படிக்கவைத்து, கிடந்த காணியை விற்று வெளிநாட்டுக்கு அனுப்பியவர். பூரணி சாமி படத்துக்குப் பக்கத்தில் அவருடைய படத்தை வைத்திருப்பாள். உயிரோடு இருக்கிறவர் படத்தை அப்படி வைக்காதையும் என்று நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

பதினொரு வருடம் என் வீட்டுக்கு வந்து போனாள். தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டால், "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தனான், அக்கா" என்பாள். கோடையில் தகரத்தில் அடைத்த சோடா எடுத்துக் கொடுத்தால் குடிப்பாள். அதுவும் தானே திறந்து. எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. சிலருக்குத் தேத்தண்ணி பிடிக்காது என்று நினைத்தேன். நான் கோட்டுகளில் கெட்டிக்காரி, மனிதரில் கொஞ்சம் மந்தம்.

என் மகள் நிரோஜாவும் அவளுடைய மகன் விதுஷனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். 2006 தை மாதம் இரண்டு பேரும் சேர்ந்து வந்து சொன்னார்கள். என் கணவர் யோசேப்பு காலமாகி அப்போது ஐந்து வருடம். வீட்டில் ஒரு நல்ல சொல் கேட்டு எத்தனை நாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. அடுத்த ஞாயிறு பூரணி ஒரு பெட்டி கேக்கோடு வந்தாள். சிரித்தாள். நிரோஜாவின் தலையைத் தடவினாள். போகும்போது சப்பாத்தை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணையிட்ட ஒருக்கா விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன், அக்கா. குறை நினைக்காதேங்கோ."

விசாரிக்கிறது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் பக்கத்தில் அதற்கு இணையத்தளமே நடத்துகிறார்கள், சாதிக்கு ஒரு பெட்டி வைத்து. எங்கள் பக்கத்தில் இன்னும் ஆளை அனுப்பித்தான் கேட்கிறோம். எந்த ஊர், எந்த வட்டாரம், தகப்பனின் தகப்பன் என்ன வேலை செய்தவர். என் அப்பப்பா பனை ஏறிக் கள்ளிறக்கியவர். கிறிஸ்தவ வேதத்துக்கு மாறி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, மரத்தை விட்டு இறங்கி அறுபது வருடமாகிறது. ஆனால் விசாரிக்கிறவர்களுக்கு அறுபது வருடம் ஒரு வருடமா.

இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசி வந்தது. "பிள்ளையள் சின்னன், அக்கா. இன்னும் கொஞ்சம் படிக்கட்டும். உங்களுக்கும் எங்களுக்கும் சமயமும் வேற தானே." விதுஷனுக்கு இருபத்தேழு வயது. மாநகராட்சியில் பொறியியலாளன். பூரணியின் தங்கை மகள் கலியாணம் செய்தது ஒரு வேதக்காரப் பொடியனை. அந்தக் கலியாணத்தில் நானும் சாப்பிட்டேன். தொலைபேசியை வைத்தபிறகுதான் சோடாத் தகரங்கள் எனக்கு விளங்கின.

நிரோஜா அழவில்லை. "ஸ்லாப் ஆவ், அம்மா" என்றாள், அமைதியாயிரு என்று. விதுஷன் தாயோடு சண்டை பிடித்துப் பார்த்தான். தாய் சாப்பிடாமல் இரண்டு நாள் படுத்தாள். அவன் அடங்கிவிட்டான். நிரோஜா வடக்கே துரொம்சோவில் தாதி வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாரியில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாத ஊர். சனிக்கிழமைகளில் கதைப்பாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் பாண் என்பாள், அதுதான் உங்கள் பிரெட். எனக்கு ஒரே பிள்ளை, ஸ்ரீதேவி.

என் வயிறு எரிந்தது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. பூரணியில் எரிந்ததைவிட அந்த மனிதரில்தான் கூட எரிந்தது. பூரணி பாவம், அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாதவள். ஊரில் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு, என் பிள்ளையை ஒருநாளும் கண்ணால் காணாமல், கூடாது என்று ஒரு சொல்லில் வெட்டியவர் அவர் என்று எனக்கு உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிந்தது. பூரணி அதற்குப் பிறகும் கோட் கேட்டுத் தொலைபேசி எடுத்தாள். கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. நானும் சொன்னேன்.

அந்த ஒக்டோபரில் ஞானசேகரம் மாஸ்டருக்கு நெஞ்சு அடைத்தது. திருகோணமலைப் பக்கம் சண்டை தொடங்கி, வீதி ஒருநாள் திறந்து மூன்று நாள் பூட்டுகிற நேரம். எப்படியோ கொழும்புக்குக் கொண்டுவந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இருதயத்தில் மூன்று குழாய் அடைப்பு, உடனே சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்றார்களாம். முன்பணம் ஆஸ்பத்திரியின் வங்கிக் கணக்குக்கு வந்த பிறகுதான் மேசையில் ஏற்றுவார்கள். திகதி அடுத்த திங்கட்கிழமை, ஒக்டோபர் இருபத்து மூன்று. பூரணி சேமிப்பையெல்லாம் வழித்தெடுத்து, கணவரின் பெயரில் கடனும் எடுத்து, பதினாறாம் திகதி காலையில் காசைப் போட்டாள். போட முதல் என்னிடம் கோட் கேட்டாள். நான் சொன்னேன். அவள் எழுத்தெழுத்தாகத் திருப்பி வாசித்துக் காட்டினாள். பதினொரு எழுத்தும் சரி.

ஆகவே நீங்கள் சந்தேகப்பட்டது நியாயம். வாடிக்கையாளர் கொடுத்த கோட்டில் பிழை இல்லை. ஒன்பது மணி பன்னிரண்டுக்கு அது என் திரைக்கு வந்தது. பெயரைப் பார்த்தேன். பெறுபவர் ஆஸ்பத்திரி, விபரத்தில் நோயாளியின் பெயர். எழும்பிப் போய் ஒரு கோப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு அந்தக் கோட்டை அழித்துவிட்டு, கொழும்பிலேயே இருக்கிற வேறொரு வங்கியின் கோட்டை அடித்தேன்.

ஏன் அந்த வங்கி என்று உங்கள் நிரல் கேட்காது. நீங்களும் கேட்கமாட்டீர்கள். ஆனால் சொல்லவேண்டும். வங்கிகளுக்கும் குணம் உண்டு. பிழையான காசு வந்தால் சில வங்கிகள் அன்றைக்கே திருப்பும். சில மூன்று நாளில். இந்த வங்கி மட்டும் ஒரு மூலையில் போட்டு வைத்துவிட்டு, பதினெட்டு பத்தொன்பது நாள் கழித்து, இப்படி ஒரு கணக்கு எங்களிடம் இல்லை என்று ஆறுதலாகத் திருப்பும். எத்தனையோ பேரின் காசை அந்த மூலையிலிருந்து சண்டை பிடித்து மீட்டுக் கொடுத்தவள் நான். அதனால் தெரியும்.

பெரித் பார்க்காமல் ஒப்புக்கொண்டாள். அவளைக் குறை சொல்லவேண்டாம்.

உண்மையில் நான் நினைத்தது இவ்வளவுதான்: அந்த மனிதர் கொஞ்சம் காத்திருக்கட்டும். ஒரு பதிலுக்காகக் காத்திருந்து பார்க்கட்டும். நாங்கள் இரண்டு மாதம் காத்திருக்கவில்லையா. செத்துப்போகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்தேனா என்று பல தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். நினைக்கவில்லை என்றுதான் பதில் வருகிறது.

வியாழன் பூரணி தொலைபேசி எடுத்தாள். காசு வரவில்லை என்று ஆஸ்பத்திரி சொல்கிறதாம். அவள் கையிலிருந்த ரசீதில் அவள் எழுதிய சரியான கோட்தான் இருந்தது. அதைத் தொலைநகலில் அனுப்பியும் பார்த்திருக்கிறாள். கணக்கில் விழட்டும், பிறகு பார்ப்போம் என்றார்களாம். கிளைக்குப் போய் முறையிட்டிருக்கிறாள். அவர்கள் வெளிநாட்டுப் பிரிவைக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பிரிவு என்றால் நான்.

"இஞ்சையிருந்து போட்டுது, பூரணி. அங்கத்தை வங்கியிலதான் மினக்கெடுது. நீர் யோசிக்காதையும்."

"அக்கா, உண்டியல்ல போடட்டோ? இவர் ஆரிட்டையும் கடன் மாறித் தாறன் எண்டுறார். உண்டியல் எண்டா நாளைக்கே கையில குடுப்பாங்கள்."

உண்டியல் உங்களுக்குத் தெரிந்திருக்கும், உங்கள் ஊரில் ஹவாலா என்பார்கள். இங்கே கடையில் காசைக் கொடுத்தால் அங்கே ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். வங்கியில் வேலை செய்கிற நான் அதை ஒருநாளும் ஒருவருக்கும் சிபாரிசு செய்ததில்லை. எனவே அன்றைக்கும் செய்யவில்லை.

"வேண்டாம். ஆஸ்பத்திரிக்காரர் வங்கியால வந்த காசைத்தான் எடுப்பினம். கையில கொண்டுபோனா எங்கால வந்தது எண்டு கேப்பினம், நாடு கிடக்கிற கிடையில பொலிஸ் வரும். இரண்டு நாள் பொறும். நான் பாக்கிறன்."

"நீங்கள் சொன்னாச் சரி, அக்கா," என்றாள். பதினொரு வருடமாக நான் சொன்னதெல்லாம் சரியாக இருந்ததே.

திங்கட்கிழமை போனது. சத்திரசிகிச்சை மேசையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மாஸ்டருக்கு நவம்பர் ஆறாம் திகதிக்குத் தள்ளிப்போட்டு, கட்டிலும் காசாகிறது என்று வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை கொடுத்தார்களாம். படி ஏறவேண்டாம் என்றார்களாம். அந்த வீடு மூன்றாம் மாடி.

அந்தக் கிழமை வியாழன் பின்னேரம் பூரணி என் வீட்டுக்கு வந்தாள். பேருந்தில் கையுறைகளை விட்டுவிட்டு வந்திருந்தாள். விரலெல்லாம் சிவந்து கிடந்தது. கதிரையில் இருந்து, "அக்கா, என்ர அண்ணையைக் காப்பாத்தித் தாங்கோ" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். அவள் கோப்பையைப் பார்க்கவே இல்லை. எடுத்தாள், குடித்தாள். முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கோ?" என்றாள். இரண்டாவதையும் குடித்தாள்.

பதினொரு வருடத்தில் முதல் தடவை. நான் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய தொண்டை ஏறி இறங்கியது. எனக்கு உள்ளே ஏதாவது இளகுகிறதா என்று பார்த்தேன். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத மாதிரி நானும் இரண்டு சொட்டு அழுதேன். அழுகை உண்மையானதுதான். ஆனால் வேண்டி வேண்டிக் கொடுத்தபோது குடிக்காத தேத்தண்ணியைத் தேவை வந்தபிறகு குடித்தால் அதற்கு என்ன பெறுமதி, சொல்லுங்கள்.

மறுநாள் வெள்ளி. இதை நான் மறைக்கப் போவதில்லை. பிழையாக வந்த காசு, உடனே திருப்புங்கள் என்று அந்த வங்கிக்கு ஒரு அவசரச் செய்தி போட்டால் ஒரே நாளில் காசு வெளியே வரும். சரியான கோட்டில் திரும்ப அனுப்பினால் திங்களில் ஆஸ்பத்திரியில் இருக்கும், கட்டில் கிடைக்கும். நான் அந்தச் செய்தியை எழுதினேன். அனுப்பவில்லை. அன்றைக்கு வேலை கூட. மாதக் கடைசி. நாற்பத்தொரு பணங்களைச் சீராக்கி அனுப்பினேன். கேரளத்துக்கு ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணம்கூட இருந்தது, கடைசி நாள் என்று குறிப்புப் போட்டிருந்தார்கள். அதை எல்லாவற்றுக்கும் முதல் அனுப்பினேன். பிள்ளைகளின் படிப்பு விசயத்தில் நான் கவனம்.

சனிக்கிழமை எங்கள் கட்டடத்தில் டுக்னாட், எல்லாரும் சேர்ந்து முற்றம் துப்புரவாக்குகிற நாள். இலை கூட்டினேன். ஞாயிறு ஞானசேகரம் மாஸ்டர் காலமானார். பல் தீட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தாராம். காசு அடுத்த வெள்ளிக்கிழமை, போட்ட பத்தொன்பதாம் நாள், பூரணியின் கணக்குக்குத் திரும்பி வந்தது. இரண்டு வங்கியும் தங்கள் கட்டணத்தைக் கழித்திருந்தன.

பூரணி கொழும்புக்குப் போய் அண்ணனுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு வந்தாள். முப்பத்தோராம் நாள் கிரியையைப் புருசெத்தில் அவளுடைய வீட்டில் வைத்தார்கள். நான் போகாமல் இருக்கமுடியுமா. கத்தரிக்காய் வெட்டிக் கொடுத்தேன். சனம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது பூரணி என்னை அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். பிடிபட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. அவள் அலுமாரியைத் திறந்து சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தந்தாள்.

"வாசியுங்கோ, அக்கா. மாசியில அண்ணை எழுதினது. இவருக்குக்கூட நான் காட்டேல்லை."

வாத்தியார் எழுத்து, அச்சுக் கோர்த்தது போல. எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது.

'பூரணி, இப்படி ஒன்றை என்னிடம் விசாரித்துச் சொல்லும்படி கேட்க உனக்கு வெட்கமாக இல்லையா? உன்னைப் படிப்பித்தது இதற்கா? சாதி பார்ப்பதென்றால் நோர்வேக்குப் போயிருக்கத் தேவையில்லை, இங்கேயே இருந்து பார்த்திருக்கலாம். அந்த மனுசி அடிக்கிற கோட்டில்தான் எனக்கு மாதம் மாதம் மருந்து வருகிறது. அந்தப் பிள்ளையை எடு. கலியாணத்துக்கு நான் வருவேன். பனி பார்க்கவேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.'

பூரணி தரையில் இருந்து அழுதாள். "நான்தான் மாட்டன் எண்டனான், அக்கா. அண்ணை ஓம் எண்டவர். சனம் என்ன கதைக்குமெண்டு பயந்து அண்ணையின்ர தலையில போட்டனான். அவர் சொன்னதைக் கேளாததுக்குத்தான் கடவுள் அவரை எடுத்திட்டார். நிரோஜாவை எனக்குத் தாங்கோ."

அவர்தான் மறித்தார் என்று எனக்கு யார் சொன்னது என்று நீங்கள் கேட்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. நானாக எடுத்துக்கொண்டது. கடிதத்தை மடித்துக் கொடுத்தபோது எனக்கு வந்தது துக்கம் இல்லை, ஆத்திரம். இதை மாசியிலேயே காட்டியிருந்தால் என்னடி என்று அவளைப் பிடித்து உலுப்பவேண்டும் போல இருந்தது. ஒரு நல்ல மனிதரை வீணாக்கிவிட்டாளே. அவள் அந்தக் கடிதத்தை ஒளிக்காமல் இருந்திருந்தால் நான் அந்தக் கோட்டில் கை வைத்திருப்பேனா? அப்படிப் பார்த்தால் அவரைக் கொன்றது யார் என்று யோசித்துப் பாருங்கள். நான் பூரணியை மன்னித்துவிட்டேன். அவளை எழுப்பி, முகம் துடைத்து, ஓம் என்றேன்.

அடுத்த வருடம் ஆனியில் கலியாணம் நடந்தது. நிரோஜா துரொம்சோவை விட்டு வந்தாள். இந்த வருடம் வைகாசியில் பேரன் பிறந்தான். பூரணி ஞானசேகரம் என்று அண்ணனின் பெயரையே வைக்கச் சொன்னாள், வைத்தார்கள். நான் குட்டி என்றுதான் கூப்பிடுவது. விதுஷன் ஒருநாள் ஏன் மாமி என்று கேட்டான். பெயர் நீளம், தம்பி என்றேன். பிள்ளை தாயைப்போல நல்ல நிறம், தகப்பனைப்போலச் சிரிப்பு. சிலவேளை அவனை மடியில் வைத்துக்கொண்டு நினைப்பேன்: மாஸ்டர் இருந்திருந்தால் பூரணி அந்தக் கடிதத்தை இன்னும் சேலைக்கு அடியிலேயே வைத்திருப்பாள். என் பிள்ளை இருட்டுக்குள் பாண் தின்றுகொண்டு இருந்திருப்பாள். நடந்ததில் நன்மையும் இருக்கிறது. தராசில் வைத்தால் எந்தப் பக்கம் தாழும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இனி, பழைய பணங்களைச் சரிபார்த்து நீங்கள் எழுதிய அறிக்கை. இன்று காலை அதை எனக்கு அனுப்பி, "டைப்பிங் மிஸ்டேக்னு போட்டு முடிச்சுட்டேன் மேடம், யாரும் கேக்க மாட்டாங்க, கவலைப்படாதீங்க" என்று எழுதியிருந்தீர்கள். நல்ல மனம் உங்களுக்கு. நீங்கள் சொல்வது சரிதான், ஒருவரும் கேட்கமாட்டார்கள். பெரித் வருகிற வருடம் ஓய்வு பெறுகிறாள். பூரணி கடவுளைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சட்டத்திலும் இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

ஆனாலும் அந்த வரியைக் காலையிலிருந்து எத்தனை தரம் வாசித்துவிட்டேன். 'தட்டச்சுப் பிழை. செய்தவர்: மரியரஞ்சனி.' அதைத் திருத்தத்தான் இவ்வளவும் எழுதினேன். பதினான்கு வருடத்தில் நான் ஒரு எழுத்தைக்கூடப் பிழையாக அடித்தது கிடையாது. தெரிந்தே மாற்றினேன், அந்த மனிதருக்குக் காசு போய்ச் சேரக்கூடாது என்று மாற்றினேன் என்று போடுங்கள். பொலிசுக்குக் காட்டுவதென்றாலும் காட்டுங்கள். பிழை என்று மட்டும் எழுதாதீர்கள். இந்த வேலையில் எனக்கொரு நல்ல பெயர் இருக்கிறது, ஸ்ரீதேவி. அதைக் கெடுத்துவிடாதீர்கள்.